மூன்று பிளேடு இடைவெளி

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் சலித்துக்கொள்ள வேண்டாம். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு என் படிப்பு நின்றது. அதன் பிறகு பேனாவைவிட ஸ்பேனரைப் பிடித்த நாட்கள்தான் அதிகம். எங்கே பெரிய ற, எங்கே சின்ன ர என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் முன்னால் பேச வராதவன் என்பதால் எழுதுகிறேன். இதில் வரும் அக்கா போன மழைக்காலத்தில் காலமானார். அவர் இருந்தவரை இதை எழுத எனக்குக் கை வரவில்லை. யார் பெயரையும் எழுதப் போவதில்லை.

நான் தேயிலைத் தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறேன். கொழுந்து வெட்டும் மெஷின், மருந்தடிக்கும் பம்பு, லோரி பிரேக், எது கெட்டாலும் எங்களிடம் வரும். சைக்கிள் மட்டும் வராது. இங்கே எல்லா வீட்டிலும் மோட்டார் பைக் இருக்கிறது. இந்த ஏற்றத்தில் சைக்கிள் மிதிப்பவனைப் பைத்தியம் என்பார்கள். எங்கள் லைன் வீடுகளில் அப்படி ஒரே ஒரு பைத்தியம் இருந்தார். அடுத்த வீட்டு அண்ணன், தோட்டத்து லோரி டிரைவர். வாரம் முழுக்க லோரி ஓட்டியவர், ஓய்வு நாளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கீழே தானா ராத்தா டவுனுக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, நாக்கு தள்ள ஏறி வருவார்.

அந்தச் சைக்கிள் ஜப்பானிலிருந்து கன்டெய்னரில் வந்த பழைய சாமான்களில் ஒன்று. மெல்லிய இரும்புக் குழாயில் செய்த ரேஸ் சைக்கிள். அதன் டயர் சுண்டுவிரல் அகலம்தான் இருந்தது. தோட்டத்துக் கல் ரோட்டில் இரண்டு நாளுக்கு ஒரு தடவை காற்று இறங்கியது.

“தம்பி, கொஞ்சம் தடிச்ச டயரா போட்டுக் குடுடா. நான் மிதிக்கிறத விட இத தள்ளிக்கிட்டு வர்றதுதான் ஜாஸ்தி லா” என்றார் அண்ணன்.

நான்தான் போட்டேன். பின்பக்கம் சரியாக உட்கார்ந்தது. முன்பக்கம் சிக்கல். முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும் ஃபோர்க்கின் கால்கள் மேலே ஒன்று சேரும் இடத்தில், டயருக்கும் இரும்புக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவாக இருந்தது. எங்களிடம் அளக்கும் கருவி இல்லை. இரும்பு அறுக்கும் ஹாக்சா பிளேடுகளை அடுக்கி அந்தச் சந்தில் விட்டுப் பார்த்தேன். மூன்று பிளேடு போனது. நான்காவது போகவில்லை.

“போதுமாடா?”

“போதும்ணே. இடிக்கல.”

இடிக்கவில்லை என்பது உண்மை. போதும் என்பது நானாகச் சொன்னது.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை அண்ணன் சைக்கிளில் இறங்கினார். ஃபேக்டரிக்கு மேலே ரோடு கொக்கி மாதிரி வளையும் இடத்துக்குக் கீழே, கல் வாய்க்காலில் அவரைக் கண்டெடுத்தார்கள். கழுத்து முறிந்திருந்தது. சைக்கிள் வாய்க்காலில் இல்லை. மேலே, பாய் விரித்ததுபோல வெட்டி நிறுத்திய தேயிலைச் செடிகளின்மேல் படுத்திருந்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை. யாரோ தூக்கிப் பதமாகப் படுக்கவைத்த மாதிரி இருந்தது என்று முதலில் பார்த்த கங்காணி சொன்னார். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. சைக்கிளை ஓரமாக வைத்துவிட்டுக் குதித்துவிட்டான் என்று லைன் முழுக்கப் பேச்சு. அந்த வாரம் புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டார்கள் என்று காரணமும் கண்டுபிடித்தார்கள். சண்டை போடாத வீடு எங்கள் லைனில் எது என்று எனக்குத் தெரியாது.

தானாகப் போனவருக்கு வருடப் படையல் போடக்கூடாது என்றார்கள். போட்டோவைச் சுவரில் மாட்டக்கூடாது என்றார்கள். பனி இறங்கினால் அந்த வளைவுக்குக் கீழே இருக்கும் தேயிலை நிரையில் பெண்கள் வேலை செய்ய மாட்டார்கள். பனிக்குள்ளே சைக்கிள் மணி கேட்கிறதாம். ஒரே ஒரு தடவை, வழி கேட்பதுபோல. அண்ணன் சைக்கிளில் பித்தளை மணி ஒன்று இருந்தது உண்மைதான்.

எனக்கு மூன்று பிளேடு கணக்கு தெரியும். சக்கரம் எதிலாவது சிக்கி நின்றிருக்கலாம் என்று முதல் நாளே தோன்றியது. சொன்னால், டயரைப் போட்டது யார் என்று கேட்பார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. எட்டு வருடம்.

ஒரு நாள் அக்கா, அண்ணனின் பெண்டாட்டி, வொர்க்‌ஷாப் வாசலுக்கு வந்தார். கையில் உரச் சாக்கில் சுற்றிய ஒரு பொருள். சாக்கைப் பிரித்தார். அந்தச் சைக்கிளின் சட்டமும் ஃபோர்க்கும் மட்டும். சக்கரம், பெடல், சீட் எல்லாவற்றையும் உறவுக்காரர் யாரோ அப்போதே பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டார். இந்த எலும்பை மட்டும் அக்கா கூரைக்கடியில் வைத்திருந்தார்.

“பாப்பாவ திரிங்காப்லேர்ந்து பொண்ணு கேட்டு வந்தாங்க தம்பி. பூந்தோட்டக்காரங்க. நல்ல பையன். நேத்து ஆள் விட்டுச் சொல்லிட்டாங்க. அப்பன் அப்படிப் போன வூட்டுல எடுக்க மாட்டாங்களாம்.”

நான் குனிந்து ஃபோர்க்கைத் தொட்டுப் பார்த்தேன்.

“இத அன்னைக்கி எப்படி இருந்துச்சோ அப்படியே கட்டிக் குடு. அந்த வளைவுல ஓட்டிப் பாரு. அவரு குதிச்சாரா, இது தள்ளுச்சா? எனக்குத் தெரியணும். பாப்பாவுக்குத் தெரியணும்.”

முடியாது என்று சொல்லவும் எனக்குத் தெரியவில்லை.

ஒரு வெற்றுச் சட்டத்தைச் சைக்கிள் ஆக்குவது, பார்க்கிறவர்களுக்கு எளிது. எல்லாச் சைக்கிளும் ஒன்றுபோலத்தான் தெரியும். கையில் எடுத்தால்தான் எதுவும் எதோடும் சேராது என்பது புரியும். முதலில் பெடல் தண்டு. தண்டு சுழலும் குழாயின் இரண்டு வாயிலும் கப் திருக வேண்டும். இந்தக் காலத்துச் சைக்கிளில் ஒரு பக்கக் கப் வலச்சுற்றில் ஏறும், மறுபக்கம் இடச்சுற்றில் ஏறும். இதில் இரண்டு பக்கமும் ஒரே சுற்று. தானா ராத்தாவில் ஒரு சீன முதலாளியின் சைக்கிள் கடை இருக்கிறது, தவ்கே என்போம். தவ்கே தமிழ் பேசுவார். சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, இது மனுஷன் செத்தா மாதிரி லா. ஆளு இருக்கு, சாமான் எல்லாம் செத்துப் போச்சு.”

அவருக்கு எதுவும் தெரியாது. விளையாட்டாகத்தான் சொன்னார். இருந்தாலும் பழைய பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துத் துருப்பிடித்த இரண்டு கப்களைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அவை ஏறின. பெடல் கையைப் பூட்டினேன், சட்டத்தில் உரசியது. கொஞ்சம் நீளமான தண்டு தேடி மறுபடி அதே கடைக்குப் போனேன். பின்சக்கரத்தின் அச்சு, அது உட்கார வேண்டிய இடத்தைவிட அகலம். சட்டத்தின் பின்கால்களை இரண்டு கையாலும் விரித்துத்தான் சக்கரத்தை நுழைக்க முடிந்தது. விரிக்கும்போது இரும்பு முனகியது. இரும்பு முனகுவது எனக்குப் புதிதல்ல. லோரி ஸ்பிரிங் முனகும், பாய்லர் கதவு முனகும். இது வாய் மூடிக்கொண்டு முனகியது.

சீட்டைத் தாங்கும் கம்பி மட்டும் சரியாகக் கிடைத்தது என்று நினைத்தேன். என் கால் நீளத்துக்கு வைத்து இறுக்கினேன். மறுநாள் காலை வந்து பார்த்தால் சீட் ஒரு விரல் இறங்கியிருந்தது. கம்பி ஒரு மயிரிழை மெல்லிசு, அதனால் வழுக்குகிறது என்று புரிந்தது. பால் டின்னை வெட்டித் தகடாக்கிச் சுற்றி, மறுபடி இறுக்கினேன். அடுத்த நாளும் ஒரு விரல் இறங்கியிருந்தது. மூன்றாம் நாள் இன்னும் கொஞ்சம். வழுக்குவதற்குக் காரணம் எனக்குத் தெரியும். ஆனால் மேலே யாராவது உட்கார்ந்தால்தான் வழுக்கும். வொர்க்‌ஷாப் சாவி என்னிடம் இருந்தது. நான்காம் நாள் அது இறங்கவில்லை. அப்போதுதான் கவனித்தேன். அண்ணன் என்னைவிடக் குள்ளம். சீட் நின்ற உயரம் அவருடையது. நான் அதை மறுபடி ஏற்றவில்லை.

கடைசியாக முன்சக்கரம். அதே அகல டயர். போட்டு முடித்து, பிளேடுகளை அடுக்கிச் சந்தில் விட்டேன். எட்டு வருடத்தில் இரும்பு வளரவும் இல்லை, தேயவும் இல்லை. மூன்று போனது. நான்காவது போகவில்லை. சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். ஓரிடத்தில் மட்டும், யாரோ பக்கத்து அறையில் ரகசியம் பேசுவதுபோல, ஒரு மெல்லிய ‘ஸ்ஸ்’ கேட்டது.

ஓட்டிப் பார்க்க வேண்டிய காலை, அக்கா சைக்கிளை லைன் வாசலில் நிறுத்தச் சொன்னார். தலைக்குக் குளித்திருந்தார். தட்டில் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், மஞ்சள் கயிறு. கயிற்றின் நடுவே ஒரு விரலி மஞ்சளை முடிந்திருந்தார். எங்கள் பக்கம் புதிதாகக் கட்டிய வண்டியைப் பொட்டு வைக்காமல், கயிறு கட்டாமல் யாரும் வெளியே எடுப்பதில்லை. லோரி ஆனாலும் சரி, மருந்துப் பம்பு ஆனாலும் சரி. மோட்டாருக்கு ஹேண்டில்பாரில் கட்டுவோம். இந்தச் சைக்கிளின் ஹேண்டில்பார் ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்து, முழுக்கத் துணி நாடா சுற்றியிருந்தது.

“இதுக்குக் கழுத்து எதுடா தம்பி?” என்றார் அக்கா.

நான் ஃபோர்க்கின் தலையைத் தொட்டுக் காட்டினேன். அவர் குனிந்து அங்கே சுற்றி மூன்று முடிச்சுப் போட்டார். கயிற்றின் வால் இரண்டு விரல் நீளம் தொங்கியது. விரலி மஞ்சள் முன்பக்கம் பார்த்திருந்தது. நான் கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். இருபத்தைந்து வருடம் மெஷின் பார்த்த கண் இது. அதைப் பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. சாமி காரியம் நடக்கும்போது நாங்கள் யாரும் சந்து அளப்பதில்லை.

“பையப் போ” என்றார். எலுமிச்சம்பழம் முன்சக்கரத்தின் கீழ் நசுங்கியது.

காலை ஒன்பது மணி இருக்கும். ஆனாலும் வெயில் வரவில்லை. பள்ளத்திலிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. பத்தடிக்கு மேல் ரோடு தெரியவில்லை. ஈரத் தேயிலை வாசம். கீழே ஃபேக்டரியின் காற்றாடிச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை. சீட் தாழ்வாக இருந்ததால் என் முழங்கால் மடங்கி, முதுகு கூனி, நான் உட்கார்ந்த விதமே எனக்கு அந்நியமாக இருந்தது. எங்கோ பார்த்த உட்காரல் அது. பிறகு ஞாபகம் வந்தது. அண்ணன் அப்படித்தான் கூனி உட்காருவார்.

முதல் திருப்பத்தில் களை எடுக்கும் பெண்கள் நின்றார்கள். பனியில் அவர்களின் தலைத்துண்டு மட்டும் தெரிந்தது. அதில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

“ஐயோ, டிரைவரு! டிரைவரு எறங்குறாரு டீ!”

கத்திகள் கீழே விழும் சத்தம். அவர்களோடு வேலை செய்யும் வங்காளதேசத்துப் பையன் ஒருவன் தன் மொழியில் எதையோ வேகமாக ஓதினான். நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. பெரும்பாலான நேரம் எனக்கு வருவதில்லை. ஆனால் அன்று வராததற்கு வேறு ஏதோ காரணம் இருந்த மாதிரி இருந்தது. அவர்களைக் கடந்தேன். பின்னால் அழுகையும், “முருகா முருகா” என்பதும் கேட்டு அடங்கியது.

பிறகு வளைவு. நான் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி, நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூடத்தான் போனேன். சக்கரத்தின் ‘ஸ்ஸ்’ சத்தம் மட்டும் கூட வந்தது. அப்போது எனக்குப் பின்னால் ஒரு மணி அடித்தது. ஒரே ஒரு தடவை. அவசரம் இல்லாமல், தம்பி கொஞ்சம் ஒதுங்கு என்பதுபோல. நான் கட்டிய சைக்கிளில் மணி கிடையாது. இதை நம்பச் சொல்லி யாரையும் கேட்கவில்லை. கேட்டதை எழுதுகிறேன். நான் ரோட்டின் உள்பக்கம் ஒதுங்கினேன்.

அடுத்த கணம் சைக்கிள் நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை.

கண் திறந்தபோது செம்மண்ணில் முகம் குப்புறக் கிடந்தேன். தோளில் அடி. உள்பக்கம் ஒதுங்கியதால் மண் திட்டில் விழுந்திருந்தேன். வெளிப்பக்கம் போயிருந்தால் அதே வாய்க்கால். சைக்கிளைத் தேடினேன். அது என் தலைக்கு மேல் பறந்து, எதிர்ப்பக்கம், தேயிலைச் செடிகளின்மேல் படுத்திருந்தது. ஒரு கீறல் இல்லை. பின்சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. முன்சக்கரம் அசையவில்லை.

நொண்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். தொங்கிய கயிற்று வாலை ஈர டயர் பிடித்து அந்த மூன்று பிளேடு சந்துக்குள் இழுத்திருந்தது. கயிற்றின் பின்னாலேயே விரலி மஞ்சளும் போய், டயருக்கும் இரும்புக்கும் நடுவே ஆப்பு அடித்ததுபோல இறுகியிருந்தது. கையால் சுற்றினால் சக்கரம் நகரவில்லை. சைக்கிளைத் தூக்கி ரோட்டில் வைத்துப் பின்னோக்கி இழுத்தேன். ஒரே இழுப்பில் மஞ்சள் தானாகக் கழன்று கீழே விழுந்தது. கங்காணியும் அன்று பின்னோக்கித்தான் இழுத்து ரோட்டுக்கு ஏற்றியிருப்பார். செடியடியில் ஒரு மஞ்சள் கயிறு கிடந்தால், அதுவும் ஆயுத பூஜைக்கு மறுநாள், யார் அதை ஒரு பொருளாக நினைப்பார்கள்?

எட்டு வருடத்துக்கு முன்னால் கயிறு கட்டியது யார் என்று யோசிக்கத் தேவையில்லை. எந்த வீட்டிலும் அது பெண்டாட்டி கட்டுவது.

கயிற்றையும் மஞ்சளையும் எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

லைன் வாசலில் அக்கா நின்றார். பக்கத்தில் மகள். என் முகத்து ரத்தத்தைப் பார்த்துத் தண்ணீர் கொண்டுவந்தார். துடைத்துக்கொண்டே சைக்கிளைப் பார்த்தார்.

“கயிறு எங்கடா?”

“அறுந்து எங்கியோ விழுந்துருச்சிக்கா.”

அவர் என்னையே பார்த்தார். என் கை பைக்குள் போகாமல் இருக்க, கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான், நடந்து வரும்போது கூட்டிக் கூட்டி வைத்திருந்ததைச் சொன்னேன்.

“அண்ணன் குதிக்கலக்கா. முன்சக்கரம் சிக்கி நின்னுருக்கு. எனக்கும் அப்படித்தான் ஆச்சு. ஒரு கல்லு மாட்டுனா போதும். தடிச்ச டயரு அது. இந்த ஃபோர்க்குக்குப் போடக்கூடாத டயரு. போட்டது நான்தான். போதும்னு சொன்னதும் நான்தான்.”

கல் என்பது பொய். மற்றதெல்லாம் உண்மை.

அக்கா முன்சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“எட்டு வருஷமா செவுத்துக்கு அந்தப் பக்கம்தான இருந்த? நான் அழுவுறது உனக்குக் கேக்கல?”

“கேட்டுச்சிக்கா.”

செம்பில் மிச்சம் இருந்த தண்ணீரை என் காலடியில் கொட்டிவிட்டு உள்ளே போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அதே வளைவில், திரிங்காப்காரர்களும் கோயில் தலைவரும் கங்காணியும் நிற்க, நான் அதையே மறுபடி சொன்னேன். என் வாழ்நாளில் அத்தனை பேர் முன்னால் பேசியது அன்று மட்டும்தான். கடைசியில் பேச்சை விட்டுவிட்டு, ஒரு கூழாங்கல்லை டயரில் வைத்துச் சைக்கிளைத் தள்ளிக் காட்டினேன். அது முன்பக்கம் குட்டிக்கரணம் போட்டுச் செடிமேல் போய்ப் படுத்தது. கங்காணி வாயில் துண்டை வைத்துக்கொண்டார். “இதேதான். இதே மாதிரிதான் கெடந்துச்சு” என்றார். கூட்டத்தில் யாரோ, “அப்ப இவன்தான் கொன்னிருக்கான்” என்றார்கள். அது எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னது. நான் மறுக்கவில்லை.

கயிற்றை ஃபேக்டரி பாய்லரில் போட்டேன். அண்ணன் போட்டோ சுவருக்கு வந்தது. அந்த வருடம் படையல் போட்டார்கள். சாம்பார் வாசம் சுவர் தாண்டி வந்தது. எனக்கு இலை போடவில்லை. தையில் கல்யாணம். அதற்கும் அழைப்பு இல்லை. களை எடுக்கிற பெண்கள் அந்த நிரையில் பனியிலும் வேலை செய்தார்கள். மணி கேட்பதாக அதன் பிறகு யாரும் சொல்லவில்லை.

மகளோடு திரிங்காப்புக்குக் குடிபோகிற நாள், சாமான் லோரியில் ஏறிக்கொண்டிருந்தபோது, அக்கா என் வாசலுக்கு வந்தார். அந்தத் தண்ணீரைக் கொட்டிய நாளுக்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“ஒன்னு மட்டும் சொல்லு. நீயும் அதே எடத்துல விழுந்தவன். வேற யாருகிட்ட போயி நான் கேப்பேன்? அந்த நேரத்துல அவரு பயந்திருப்பாரா?”

யோசித்துப் பார்த்தேன். மணியை இங்கே எழுதிவிட்டேன், ஆனால் அன்று அவரிடம் சொல்லவில்லை. வெள்ளைப் பனி, ஈரத் தேயிலை வாசம், கீழே காற்றாடி. அவ்வளவுதான் இருந்தது. பிறகு மண்.

“இல்லக்கா. பயப்பட நேரமே இல்ல.”

அவர் தலையை ஆட்டினார். லோரிக்காரன் ஹார்ன் அடித்தான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

இதை எழுதி முடித்தது மாசி மாதம் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை.